வார்த்தை எல்லாம் தெரிகிறது, டி பத்தியில் மட்டும் மார்க் போகிறது: சீனப் பள்ளி மாணவிக்கு ஆங்கிலக் காம்ப்ரிஹென்ஷன் சொல்லிக்கொடுப்பது எப்படி?

யிவு_சரக்கு

வணக்கம் மக்களே. நான் சீனாவில் ஜெஜியாங் மாகாணத்தில் யிவு ஊரில் இருக்கிறேன். மொத்தச் சந்தையில் சரக்கு பிடித்துச் சென்னைக்கும் துபாய்க்கும் அனுப்புகிற வேலை. இப்போது கேட்க வந்தது வியாபார விஷயம் இல்லை. நான் குடியிருக்கும் வீட்டுக்காரம்மாவின் மகள் பள்ளியில் கடைசி ஆண்டு, இங்கே காவ்சான் என்பார்கள், நம் பிளஸ் டூ மாதிரி. அடுத்த ஜூனில் காவோகாவோ, அதாவது பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு, எழுத வேண்டும். "நீ இந்தியன், உனக்கு ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு, ஞாயிற்றுக்கிழமை மதியம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடு" என்று அந்தம்மா கேட்டார், வாடகையில் சலுகையும் பேசினார். வாரத்தில் அந்த மதியம் மட்டும்தான் பிள்ளைக்கு வீட்டில் இருக்க நேரம், மற்ற நாளெல்லாம் இரவு வரை பள்ளியில்தான்.

தெரியாதவர்களுக்காகத் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் 150 மார்க், 2 மணிநேரம். கேட்பது 30, வாசிப்பு 50, கோடிட்ட இடம் இலக்கணம் சேர்த்து 30, எழுதுவது 40. வாசிப்பில் ஏ, பி, சி, டி என்று நாலு பத்தி, மொத்தம் 15 கேள்வி, ஒவ்வொன்றும் இரண்டரை மார்க். அப்புறம் ஒரு பத்தியில் ஐந்து வாக்கியத்தை எடுத்துவிட்டு ஏழு வாக்கியத்தைக் கொடுத்துப் பொருத்தச் சொல்வது, அது 12.5.

இவளுக்கு ஏ, பி பிரச்சினையே இல்லை. சி பரவாயில்லை. டி பத்தி வந்தால் நாலில் இரண்டு போய்விடுகிறது. வார்த்தை தெரியாமல் இருக்கும் என்று நினைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டேன், எல்லாவற்றுக்கும் சீனத்தில் டக்கென்று பொருள் சொல்கிறாள். சரி, இந்தப் பத்தி என்ன சொல்கிறது என்று கேட்டால் மட்டும் அமைதி. நான் எங்கே கை வைப்பது?

பினாங்கு_ராஜா

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பழைய தாள்களை எடுத்துப் போடச் சொல்லுங்கள், கடிகாரம் வைத்து. முதலில் கேள்வியைப் படி, கேள்வியில் உள்ள பெயர், ஆண்டு, எண் எதையாவது பிடி, பத்தியில் அதே இடத்தைத் தேடு, சுற்றி இரண்டு வரி படி, ஆப்ஷனைப் போடு. பத்தி முழுவதையும் ரசித்துப் படிக்க அவள் என்ன இலக்கியமா படிக்கிறாள்? 2024-இல் இந்தத் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். அந்தக் கூட்டத்தில் இரண்டரை மார்க் என்றால் தரவரிசையில் எத்தனை பேரைத் தாண்டலாம் என்று நீங்களே பாருங்கள். மார்க்குக்கு வழி சொல்லுங்கள் அண்ணே, மற்றதைக் கல்லூரியில் பார்த்துக்கொள்ளட்டும்.

யிவு_சரக்கு

தம்பி, அந்த வழியைப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். கூடவே பிள்ளைகளுக்குள் ஓடுகிற ஒரு வாய்ப்பாடும் இருக்கிறது: மூன்று ஆப்ஷன் சின்னதாக ஒன்று நீளமாக இருந்தால் நீளத்தைப் போடு, மூன்று நீளம் ஒன்று சின்னது என்றால் சின்னதைப் போடு. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் பென்சில் அந்தப் பக்கம் போவதை நான் பார்த்தேன்.

சாங்ஷா_டீச்சர்

ஹூனான் மாகாணத்தில் சாங்ஷா நகரத்துப் பள்ளி ஒன்றில் சில ஆண்டுகள் ஆங்கிலம் எடுத்தேன், அதனால் இந்த டி பத்தி நோய் எனக்கு நன்றாகத் தெரியும். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஜா தம்பி சொல்கிற முறை ஏ பத்திக்குச் சரி. ஏ பத்தி பெரும்பாலும் விளம்பரம், கால அட்டவணை, விதிமுறை மாதிரி ஒன்றாகத்தான் வரும். 2023 'தேசியத் தாள் 1'-இல் (ஜெஜியாங் எழுதுவதும் இதைத்தான்) ஆம்ஸ்டர்டாமில் சைக்கிள் வாடகை எவ்வளவு என்று ஒரு பட்டியல் வந்தது. அதை யாரும் முழுதாகப் படிக்கத் தேவையில்லை, கேள்வியைப் பார்த்துவிட்டு விலையைத் தேடினால் போதும். பி பத்தி ஒரு மனிதரைப் பற்றியது, கழிவுநீரைச் செடிகொடிகளை வைத்துச் சுத்தம் செய்ய வழி தேடிய ஜான் டாட். அதில் ஒரு கதை ஓட்டம் இருக்கிறது, பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். சி பத்தி ஒரு புத்தக அறிமுகம். டி பத்தியில்தான் வாதம் வரும். ஒருவர் ஒன்று சொல்கிறார், இன்னொரு ஆய்வு அதைத் திருத்துகிறது, அதற்கு மேல் ஒரு விளக்கம், கடைசியில் எழுதியவரின் கருத்து. அந்த ஆண்டு டி பத்தி கூட்டத்தின் அறிவைப் பற்றியது. ஜாடிக்குள் எத்தனை மிட்டாய் என்று பல பேரைத் தனித்தனியாகக் கேட்டுச் சராசரி எடுத்தால் உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது, ஏனென்றால் ஒவ்வொருவரின் பிழையும் வேறு திசையில் இருந்து ஒன்றையொன்று அடித்துவிடுகிறது, அதனால் ஆட்கள் ஒருவரையொருவர் பாதிக்கக்கூடாது என்பது பழைய கருத்து. பிறகு வந்த ஆய்வோ சின்னச் சின்னக் குழுவாகப் பேசவிட்டு அந்தக் குழுக்களின் சராசரியை எடுத்தால் இன்னும் துல்லியம் என்கிறது. நாலு குழு, குழுவுக்கு ஐந்து பேர், மொத்தம் இருபது பேர்தான், ஆனால் தனித்தனியாக நின்ற இருபது பேரைவிட நெருக்கமான விடை.

இதில் கேள்வியிலிருந்து பெயரை எடுத்துப் பத்தியில் தேடினால் என்ன கிடைக்கும்? ஆய்வாளர் பெயர் நாலைந்து இடத்தில் இருக்கும். அந்த இரண்டு வரியில் விடை இருக்காது. அதற்குள் இரண்டாம் பாரா சொன்னதை மூன்றாம் பாரா மறுக்கிறது என்று தெரிந்தவளுக்குத்தான் கேள்வியே புரியும்.

என் சீனத் தோழிகள், அதாவது அங்கே உடன் வேலை பார்த்த ஆசிரியைகள், வேறொன்றும் சொல்வார்கள். தவறான ஆப்ஷன்தான் பத்தியில் இருக்கும் வார்த்தைகளை அப்படியே எடுத்துக் கலைத்துப் போட்டிருக்கும், சரியான ஆப்ஷன் வேறு வார்த்தையில் இருக்கும். வார்த்தையை வார்த்தையோடு பொருத்துகிற பிள்ளை நேராகப் போய் வலையில் விழுகிறது. தேடிப் பிடிக்கிற பழக்கம் ஏறஏற ஏ பத்தியில் வேகம் வரும், டி பத்தியில் அதே பழக்கம் காலை வாரும். அடுத்த ஞாயிறு கேள்வித்தாளின் கேள்விப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு டி பத்தியை மட்டும் கொடுங்கள். அதற்குள் ஒவ்வொரு பாராவும் என்ன *செய்கிறது* என்று அவள் தாய்மொழியிலேயே ஒரு வரி சொல்லட்டும். "இது பழைய கருத்து", "இது அதற்கு எதிர்ப்பு", "இது காரணம்". அவ்வளவு போதும்.

இலக்கணப்பூனை

டீச்சர் சொன்னதோடு ஒரு வாக்கிய அளவு விஷயத்தையும் சேர்க்கிறேன். நமக்கும் சீனர்களுக்கும் இதில் ஒரு ஒற்றுமை இருப்பதால் அண்ணனுக்குச் சட்டென்று புரியும்.

"நேற்று சந்தையில் பேரம் பேசிய மஞ்சள் சட்டைக்காரர்" என்று நாம் சொல்லும்போது அந்த ஆள் கடைசியில்தான் வருகிறார், அவரைப் பற்றிய விவரமெல்லாம் முன்னாலேயே வந்துவிடுகிறது. சீனத்திலும் அப்படித்தான், எவ்வளவு நீளமான அடைமொழியாக இருந்தாலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால். ஆங்கிலம் ஆளை முதலில் நிறுத்திவிட்டு விவரத்தைப் பின்னால் கட்டுகிறது, அதற்குள் இன்னொரு பெயர் வந்தால் அதற்குப் பின்னால் இன்னொரு விவரம். வாக்கியத்தின் முக்கிய வினை எங்கேயோ தூரத்தில் கிடக்கும். டி பத்தி வாக்கியங்கள் பலவும் இந்த வகை. சீனப் பிள்ளைகள் பலர் வாக்கியத்தின் கடைசிவரை போய், அங்கிருந்து திரும்பி வந்து, மனதில் சீன வரிசையில் அடுக்கிப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை நடந்தால் பத்தியின் முடிவுக்கு வரும்போது ஆரம்பம் மறந்துபோகும். வார்த்தை எல்லாம் தெரிந்தும் பொருள் சொல்ல முடியாததற்கு இது ஒரு காரணம்.

இன்னொன்று, சீன வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறாது. நேரத்தைத் தனிச் சொல்லும் துகளும் (வினையை ஒட்டி வரும் சின்னச் சொல்) காட்டும். ஆங்கிலக் கதையில் வினையின் வடிவத்தை மட்டும் வைத்து "இது அதற்கும் முன்பு நடந்தது" என்று காட்டும்போது அவர்கள் தவறவிடுவார்கள். பி பத்தியில் எப்போதாவது மார்க் போனால் அங்கே பாருங்கள்.

பினாங்கு_ராஜா

சரி டீச்சர், டி பத்திக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வது நிதானமாக உட்கார்ந்து படிக்க நேரம் உள்ளவர்களுக்கு. இந்தப் பிள்ளைக்கு ஜனவரியிலேயே ஒரு தேர்வு வருமே? ஜெஜியாங்கில் ஆங்கிலத்தை இரண்டு முறை எழுதலாம் என்று கேள்விப்பட்டேன்.

யிவு_சரக்கு

ஆமாம் தம்பி, ஜனவரியில் ஒரு முறை, ஜூனில் ஒரு முறை, எது கூடுதலோ அதை எடுத்துக்கொள்வார்கள். ஜனவரியிலேயே நல்ல மார்க் வந்துவிட்டால் ஆங்கிலத்தை மூட்டை கட்டிவிட்டு மற்ற பாடத்தைப் பார்க்கலாம் என்பது வீட்டுக்காரம்மாவின் கணக்கு. இங்கே எல்லா அம்மாக்களுக்கும் அதே கணக்குதான்.

ஷென்சென்_மருமகன்

என் மனைவி ஹெபெய் மாகாணம். ஹெங்ஷுய் பள்ளி பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள், காலை ஓட்டத்தில் வரிசையில் நிற்கும்போதுகூடக் கையில் தாளை வைத்துக்கொண்டு சத்தமாகப் படிப்பார்களே, அந்த ஊர்ப்பக்கம். (அவள் படித்தது அந்தப் பள்ளியில் இல்லை, ஆனால் அந்தப் பாணி சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது.) ஆங்கிலக் கையெழுத்துக்கே அந்த ஊர்ப் பெயரில் ஒரு பாணி இருக்கிறது, அச்செழுத்து மாதிரி உருண்டையாக, ஒரே உயரமாக. விடைத்தாளை ஸ்கேன் செய்து கணினித் திரையில்தான் திருத்துகிறார்கள், திருத்துபவர் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அதையும் பயிற்சி செய்தார்கள்.

இந்த இழையை அவளிடம் வாசித்துக் காட்டினேன். காலை வாசிப்பில் பாடத்தைச் சத்தமாகப் படித்து மனப்பாடம் செய்தது காதுக்கும் வாக்கிய அமைப்புக்கும் நல்லதுதான் என்கிறாள். ஆனால் பள்ளி முடிகிறவரை தேர்வுப் பத்தியும் பாடப் புத்தகமும் தவிர ஆங்கிலத்தில் எதையும் முதலிலிருந்து கடைசிவரை படித்ததில்லையாம். முந்நூறு சொல் பத்தி, நாலு கேள்வி, அடுத்த பத்தி. ஒரு விஷயத்தைத் தொடர்ந்து பத்துப் பக்கம் பின்தொடர்வது என்பதே பல்கலைக்கழகத்தில்தான் நடந்திருக்கிறது.

அண்ணே, இன்னொரு விஷயம். உங்கள் ஜெஜியாங்கிலேயே 2018 நவம்பர் ஆங்கிலத் தேர்வில் பெரிய கலாட்டா நடந்தது தெரியுமா? வாசிப்பிலும் மொழிப் பயன்பாட்டிலும் சில கேள்விகள் முந்தைய ஆண்டைவிடக் கடினம் என்று சொல்லி, அந்தக் கேள்விகளுக்கு எடைபோட்டு மார்க்கைக் கூட்டிவிட்டார்கள். கடினமான கேள்வியைக் கஷ்டப்பட்டுச் சரியாகப் போட்டவர்களின் முன்னிலை போய்விட்டது என்று மாணவர்களும் பெற்றோரும் கொதித்துவிட்டார்கள். மாகாண அரசு விசாரித்து, டிசம்பரில் அந்த எடை மார்க்கை ரத்து செய்து, உண்மை மார்க்கையே கொடுத்தது. அதிகாரிகள் மேல் நடவடிக்கையும் வந்தது. காம்ப்ரிஹென்ஷன் கேள்விக்காக ஒரு மாகாணமே கொந்தளிக்கிற ஊர் அது. வீட்டுக்காரம்மா வாடகையைக் குறைத்ததில் ஆச்சரியமில்லை.

மதுரை_வாத்தி

நான் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பவன். ஒரு சந்தேகம். நம் பிள்ளைகளுக்குச் சொல் பற்றாக்குறைதான் முதல் தடை. அங்கே பாடத்திட்டம் எத்தனை சொல் எதிர்பார்க்கிறது?

சாங்ஷா_டீச்சர்

சார், 2017-இல் வந்த பாடத்திட்டத்தின்படி (2020-இல் திருத்தினார்கள்) பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைக்குச் சுமார் 3000 சொல், விருப்பப் பாடம் எடுப்பவர்களுக்கு 4000-க்கு மேல். பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள சொல் பத்தியில் வந்தால் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சீனத்தில் பொருள் கொடுத்துவிடுவார்கள். இதை இழையில் எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். எளிமைப்படுத்தாத ஆங்கில எழுத்தை உதவி இல்லாமல் படிக்க எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பம் (ஒரு சொல்லும் அதன் வடிவங்களும் சேர்ந்தது) தேவை என்பது பால் நேஷன் என்ற மொழியியலாளர் 2006-இல் போட்ட கணக்கு. பத்திகள் அமெரிக்க, பிரிட்டிஷ் பத்திரிகைகளிலிருந்து எடுத்துச் சுருக்கப்பட்டவை, வேலி போட்டுக் கொடுக்கப்பட்டவை. வேலிக்குள்ளேயே தடுமாறுகிறாள் என்றால் சொல் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு, அது எண்ணிக்கையில் இல்லை. முகவரி என்று படித்து வைத்திருக்கும் 'அட்ரஸ்' பத்தியில் பிரச்சினையைக் கையாள்வது என்ற பொருளில் வரும். கதைப் புத்தகம் என்று தெரிந்த 'நாவல்' புதுமையானது என்று வரும். சொற்பட்டியலில் ஒரு சொல்லுக்கு ஒரு சீனச் சொல் என்று உரு போட்டவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். அண்ணே, நீங்கள் தனித்தனியாகத் தொட்டுக் கேட்டபோது அவள் சொன்னது அந்தப் பட்டியல் பொருளாக இருக்கலாம். வாக்கியத்துக்குள் வைத்துக் கேளுங்கள்.

மதுரை_வாத்தி

நன்றி டீச்சர். கிராமத்துப் பிள்ளைகள் நிலை எப்படி? பத்தி முழுக்க லண்டன் முதியோர் இல்லம், அமெரிக்கச் சமூகத் தோட்டம் என்றே வந்தால் கான்சு மாகாணத்து மலை ஊரில் இருக்கிற பிள்ளைக்கு அந்த உலகமே தெரியாதே?

சாங்ஷா_டீச்சர்

நியாயமான கேள்வி. லண்டன் முதியோர் இல்லம் உண்மையிலேயே வந்தது, 2022-இல் சி பத்தி: தனிமையைப் போக்க முதியவர்களுக்குக் கோழி வளர்க்கக் கொடுத்த கதை. வேடிக்கை என்னவென்றால் கோழி வளர்த்த அனுபவம் மலை ஊர்ப் பிள்ளைக்குத்தான் அதிகம் இருக்கும். ஆனால் முதியவர்களை இல்லத்தில் விடுவது, அங்கே ஒரு தொண்டு நிறுவனம் திட்டம் போட்டு நுழைவது, இந்தச் சட்டகம் அவர்களுக்குப் புதிது. நகரத்துப் பிள்ளைக்கு ட்யூஷன், இணையம், வெளிநாட்டுப் பயணம் எல்லாம் சேர்ந்து அந்தச் சட்டகத்தைக் கொடுத்துவிடுகிறது. இலக்கணப் பகுதியில் இப்போதெல்லாம் உள்ளூர் விஷயம் வருகிறது, 2022-இல் பாண்டா தேசியப் பூங்கா, 2023-இல் ஷாங்காய் பக்கத்துச் சூப்புக் கொழுக்கட்டை. வாசிப்புப் பத்திகள் இன்னும் பெரும்பாலும் வெளியிலிருந்துதான்.

ஆங்கிலம் கைவராத பிள்ளைகள் சிலர் உயர்நிலைப் பள்ளிக்கு வந்த பிறகு ஜப்பானிய மொழிக்கு மாறிவிடுவதும் உண்டு. ஆறு அந்நிய மொழியில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், ஜப்பானியத்தில் சீன எழுத்துகளே பாதி இருப்பதால் வாசிப்புப் பகுதியில் அவர்களுக்குக் கைப்பிடி கிடைக்கிறது.

இலக்கணப்பூனை

அதே 2022 தாளின் டி பத்தி எனக்கு ரொம்பப் பிடித்தது. வேட்டையாடிய மனிதர்களின் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நேருக்கு நேர் முட்டின, விவசாயம் வந்து மென்மையான உணவு சாப்பிடத் தொடங்கியதும் தாடை மாறி மேல்பல் முன்னால் வந்தது, அதன் பிறகுதான் உதட்டைப் பல்லால் தொட்டு எழுப்புகிற 'ஃப', 'வ' ஒலிகள் மொழிகளில் பரவின என்கிற ஆய்வு. நாமெல்லாம் அந்த 'ஃப'வுக்கு ஆய்த எழுத்தைக் கடன் வாங்கி ஓட்டுகிறோம். பதினேழு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு சுவையான விஷயத்தைக் கொடுத்துவிட்டு, அதை எட்டு நிமிடத்தில் கடந்து போகச் சொல்வதுதான் பாவம்.

யிவு_சரக்கு

ஞாயிறு முடிந்தது, வந்து சொல்கிறேன். டீச்சர் சொன்னபடி 2023 டி பத்தியை, மிட்டாய் ஜாடிப் பத்தியை, கேள்வி இல்லாமல் கொடுத்தேன். முதலில் கையைப் பிசைந்தாள், கேள்வி இல்லாமல் எதைத் தேடுவது என்று கேட்டாள். தேட வேண்டாம், சும்மா படி என்றேன். என் சீனம் கடைவீதிச் சீனம், அவள் பேசிய வேகத்தில் பாதிதான் பிடிபட்டது, ஆனால் "முதல் ஆள் சொன்னதற்கு இரண்டாவது ஆள் எதிர்" என்பதைக் கையை நீட்டியே காட்டிவிட்டாள். அதன் பிறகு கேள்வியைத் திறந்தோம். முதல் மூன்றும் சரி.

நாலாவது, இந்த ஆய்வுகளைப் பற்றி எழுதியவரின் மனநிலை என்ன என்ற கேள்வி. சந்தேகப்படுகிறார் என்று போட்டாள். சரியான விடை, ஆதரிக்கிறார். ஏன் சந்தேகம் என்று கேட்டேன், கடைசி வாக்கியத்தில் "குறைகள் இருக்கின்றன, பல கேள்விகள் மிச்சம் இருக்கின்றன" என்று வருகிறதே என்று காட்டினாள். வருகிறதுதான். அதே வாக்கியத்தின் பின்பாதியில் "இதனால் வரக்கூடிய பயன் மிகப் பெரியது" என்றும் வருகிறது. அதையும் படித்திருக்கிறாள். இரண்டையும் படித்துவிட்டு முன்பாதியை எடுத்துக்கொண்டாள். இது எதனால்?

இலக்கணப்பூனை

அண்ணே, இதுதான் அசல் சரக்கு.

சீனத்தில் "இருந்தாலும்" என்று ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் இரண்டாம் பாதியில் "ஆனால்" என்றும் ஒரு சொல் போடுவது வழக்கம். இரண்டும் ஜோடியாக வரும். திருப்பம் எங்கே என்பதற்கு அந்த இரண்டாவது சொல்தான் பலகை. ஆங்கிலத்தில் ஜோடி கிடையாது. 'ஆல்தோ' என்று முன்னால் ஒன்று போட்டால் பின்னால் 'பட்' போடக்கூடாது, இதை இலக்கண வகுப்பில் தவறு என்று திருத்தித் திருத்தி அவளுக்கு மனப்பாடமே ஆகியிருக்கும். எழுதும்போது தவறில்லாமல் எழுதுவாள். படிக்கும்போது மட்டும் பலகை இல்லாத திருப்பத்தில் நிற்காமல் போய்விடுகிறாள். குறைகள், கேள்விகள் என்கிற எதிர்மறைச் சொற்கள் கண்ணில் பட்டு, மனநிலைக் கேள்விக்கு அதையே ஆதாரமாக எடுத்துவிட்டாள்.

'ஆல்தோ', 'வைல்', 'டிஸ்பைட்' வருகிற வாக்கியங்களாகப் பழைய டி பத்திகளிலிருந்து பொறுக்கி, "இதில் எழுதியவர் எந்தப் பாதிக்காகப் பேசுகிறார்" என்று மட்டும் கேளுங்கள். அனேகமாக எப்போதும் அந்தச் சொல் ஒட்டாத பாதிதான் அவர் பக்கம்.

பினாங்கு_ராஜா

பார்த்தீர்களா, கடைசியில் நீங்களும் ஒரு வாய்ப்பாட்டில்தான் வந்து நிற்கிறீர்கள் பூனையாரே!

இலக்கணப்பூனை

நிற்கிறேன், அதனால் என்ன? ஆப்ஷன் நீளமா சின்னதா என்று பார்க்கிற வாய்ப்பாடு பத்தியைப் பார்க்காமலே வேலை செய்யப் பார்க்கிறது. இது பத்தியைப் பார்த்தால்தான் வேலை செய்யும்.

ஷென்சென்_மருமகன்

ஏழு வாக்கியத்தில் ஐந்தைப் பொருத்துகிற கேள்வி பற்றி யாரும் பேசவில்லையே? என் மனைவி அதைத்தான் சபிக்கிறாள். ஒன்றை மாற்றிப் போட்டால் அது போக வேண்டிய இடமும் தப்பு, அங்கே வந்ததும் தப்பு, ஒரே அடியில் 5 மார்க்.

சாங்ஷா_டீச்சர்

அதில் கோடிட்ட இடத்துக்கு *அடுத்த* வாக்கியத்தைப் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் முன்வாக்கியத்தை மட்டும் பார்த்து ஒட்டுகிறார்கள். அடுத்த வாக்கியம் "அவர்கள்" என்று ஆரம்பித்தால் விட்டுப்போன வாக்கியத்தில் ஆட்கள் இருந்தாக வேண்டும். அதைவிட அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஏழு வாக்கியத்தில் இரண்டு உபரி, அது எரிச்சலூட்டத்தான் வைத்தது.

நான் பேச நினைப்பது தாளின் கடைசிக் கேள்வியைப் பற்றி. 25 மார்க். ஒரு கதையைக் கொடுத்துவிடுகிறார்கள், சுமார் 350 சொல், முடிவில்லாமல். அடுத்து வர வேண்டிய இரண்டு பத்திகளின் முதல் வாக்கியம் மட்டும் கொடுத்திருக்கும், மீதியைப் பிள்ளை சுமார் 150 சொல்லில் எழுத வேண்டும். குவாங்டோங் வெளிநாட்டு மொழிப் பல்கலைக்கழகத்தின் வாங் சூமிங் பேராசிரியர் பல ஆண்டு வற்புறுத்திய யோசனை இது, படிப்பதையும் எழுதுவதையும் ஒரே கேள்வியில் கட்டிப்போட்டால் படித்த மொழி எழுத்துக்குள் ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் வாதம். தேர்வில் முதலில் வந்தது 2016 அக்டோபரில், ஜெஜியாங்கில்தான். எல்லோரும் இதை எழுத்துக் கேள்வி என்றுதான் பார்க்கிறார்கள். தாளிலேயே நேர்மையான வாசிப்புக் கேள்வி இதுதான் என்பது என் கட்சி, ஏனென்றால் நாலு ஆப்ஷனில் குத்துமதிப்பாகப் போட வழியில்லை.

2024 ஜூன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராகா போகும் பேருந்தைப் பிடிக்க வியன்னா விமான நிலையத்திலிருந்து அவசரமாக டாக்ஸியில் போகிறார் கதைசொல்லி, ஓட்டுநர் பெயர் குன்ட்டர். போய்ச் சேர்ந்தால் கொடுக்கக் கையில் பணமில்லை. முதல் பத்தி, திரும்ப ஓடிப்போய்க் குன்ட்டரிடம் கெட்ட செய்தியைச் சொன்னேன் என்று தொடங்கும். இரண்டாம் பத்தி, நாலு நாள் கழித்து வியன்னா திரும்பியதும் சொன்னபடியே குன்ட்டருக்குப் போன் செய்தேன் என்று தொடங்கும். அந்த "சொன்னபடியே"வைக் கவனித்தவள் முதல் பத்தியிலேயே அவரை ஒரு வாக்குக் கொடுக்க வைப்பாள், தொலைபேசி எண்ணை வாங்க வைப்பாள். கவனிக்காதவள் முதல் பத்தியிலேயே யாரையோ வரவைத்துப் பணத்தைக் கட்டிவிட்டு, இரண்டாம் பத்தியில் எதற்குப் போன் என்று தெரியாமல் முழிப்பாள்.

ஆனால் இதற்கும் உருப்போட ஆரம்பித்துவிட்டார்கள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது, இதயம் தொண்டைக்கு வந்தது, சூரிய ஒளி முகத்தில் விழுந்தது என்று உணர்ச்சிக்கு ஒன்றாக வாக்கியங்களைப் பட்டியல் போட்டு விற்கிறார்கள். டாக்ஸிக்குக் காசில்லாதவன் இதயம் எதற்குத் தொண்டைக்கு வருகிறது? கடைசி வரியில் ஒரு நீதி வேறு.

மதுரை_வாத்தி

இந்தக் கேள்வி வகையை நான் நாளைக்கே என் வகுப்பில் கொடுக்கப் போகிறேன், தமிழ்க் கதையை வைத்தே முதலில் ஆரம்பிக்கலாம் போலிருக்கிறது.

யிவு_சரக்கு

டீச்சர், இப்போது ஒரு நடைமுறைக் கேள்வி. தேர்வுத்தாள் தவிர வேறு எதைப் படிக்கக் கொடுக்கலாம்? அவளுக்கு நேரம் என்பதே கிடையாது. வீட்டுக்காரம்மா வேறு, கதைப் புத்தகம் கையில் இருந்தால் படிக்கவில்லை என்று நினைக்கிற வகை.

சாங்ஷா_டீச்சர்

அந்தம்மாவிடம் பாடத்திட்டத்தையே காட்டுங்கள். வகுப்புக்கு வெளியே வாரம் சராசரி 1500 சொல்லாவது படிக்க வேண்டும், மேல்நிலைப் பகுதியில் 2500 சொல் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அரசு சொன்னது என்றால் கேட்பார். 2500 சொல் என்றால் எட்டு டி பத்தி அளவுதான், ஒன்றும் மலையில்லை.

என்ன படிப்பது என்றால், ஆக்ஸ்போர்டின் தரப்படுத்திய கதை வரிசை சீனத்தில் 'புத்தகப் புழு' என்ற பெயரில் இருமொழிப் பதிப்பாக எல்லாப் புத்தகக் கடையிலும் கிடைக்கும், அவள் தரத்துக்கு ஒரு படி *கீழே* எடுங்கள். கதை வேண்டாம் என்றால் சைனா டெய்லி நடத்துகிற மாணவர் வார இதழ் இருக்கிறது, பள்ளியிலேயே கட்டுக்கட்டாக வரும், பெரும்பாலும் பின்பக்கக் கேள்விகளைப் போடத்தான் திறப்பார்கள். கேள்வியைக் கிழித்துவிட்டுக் கட்டுரையை மட்டும் கொடுங்கள்.

பினாங்கு_ராஜா

ஜனவரிக்குள் இது பலன் தருமா? உண்மையைச் சொல்லுங்கள்.

சாங்ஷா_டீச்சர்

ஜனவரிக்கு அந்த 'ஆல்தோ' பயிற்சியும் ஒவ்வொரு பாராவும் என்ன செய்கிறது என்ற பயிற்சியும் கொஞ்சம் கைகொடுக்கும், ஒரு கேள்வி கூடலாம். வாசிப்பு ஏறுவது ஜூனுக்குத்தான் தெரியும், ஜூனிலும் தெரியாமல் போகலாம். ஜனவரித் தேர்வைக் கடைசி என்று நினைத்துப் புத்தகத்தை நிறுத்திவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

யிவு_சரக்கு

சொல்கிறேன். அடுத்த ஞாயிறு பல்லும் 'ஃப'வும் பத்தியை எடுக்கலாம் என்று இருக்கிறேன். பூனையார், அதில் 'ஆல்தோ' வகை வாக்கியம் எது எது என்று குறித்துத் தனிமடலில் அனுப்பினால் புண்ணியமாகப் போகும், இந்த வாரம் கன்டெய்னர் ஏற்றுகிற வேலை கழுத்தை நெரிக்கிறது.

இலக்கணப்பூனை

அனுப்புகிறேன் அண்ணே. ஆனால் எங்கே இருக்கிறது என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள், அவளே கண்டுபிடிக்கட்டும்.